யாரிடம் படிக்கப் போகிறீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, "மருத்துவ உளவியல் பிஎச்.டி.க்கு நான் இரண்டு தடவை விண்ணப்பம் போட்டவள்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டவைதான். தூக்கம் வராதவர்களும் மாமியாரோடு ஒத்துப்போகாதவர்களும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: மேடம், நான் விருதுநகர். மதுரையில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி இந்த வருடம் முடித்தேன். சி.ஜி.பி.ஏ. 8.1. அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்.டி. சேர வேண்டும் என்று ஆசை. ஒரு கன்சல்டன்சியில் பன்னிரண்டு யுனிவர்சிட்டிக்கு அப்ளை செய்து தர ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். எஸ்.ஓ.பி.யும், அதாவது எதற்காகச் சேர விரும்புகிறேன் என்று சொல்லும் விண்ணப்பக் கட்டுரையும், அவர்களே எழுதித் தருவார்களாம். நானே எழுதிய எஸ்.ஓ.பி.யை இதோடு இணைத்திருக்கிறேன். எனக்கு வாய்ப்பு இருக்கிறதா? – ம.க., விருதுநகர்

ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எம்.எஸ். படிக்கப் போகிற இன்ஜினீயரிங் பிள்ளைகளுக்குக் கன்சல்டன்சி செய்வது என்ன? மார்க்கையும் ஸ்கோரையும் பார்த்து, கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நாலு, கிடைக்கலாம் என்று நாலு, கட்டாயம் கிடைக்கும் என்று நாலு எனப் பட்டியல் போடுவது. உங்கள் படிப்புக்கு அந்தக் கணக்கு செல்லாது. இதில் "கட்டாயம் கிடைக்கும்" என்று ஒரு இடமே கிடையாது. ஒரு துறைக்குச் சில நூறு விண்ணப்பங்கள் வரும், எடுப்பது ஐந்து முதல் பத்துப் பேர். அந்தச் சிலரையும் பெரும்பாலான துறைகளில் தனித்தனிப் பேராசிரியர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவர் வருடத்துக்கு ஒரு மாணவரை எடுப்பார், சில வருடம் எடுக்கவே மாட்டார். ஐந்தாறு வருடம் தன் லேபில் தன்னோடு மல்லுக்கட்டப் போகிற ஆளை அவர் தேடுகிறார். ஆகவே, நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த யுனிவர்சிட்டி என்பதில்லை. யாரிடம் என்பது.

அந்த "யார்" அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறாரா என்பதை ஆகஸ்ட், செப்டம்பரில் தன் லேப் பக்கத்திலோ துறைப் பக்கத்திலோ போட்டுவிடுவார். போடாவிட்டால் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஐந்து வரி போதும்: நீங்கள் யார், என்ன ஆய்வு செய்தீர்கள், அவருடைய எந்தக் கட்டுரையை ஒட்டி உங்களுக்கு என்ன கேள்வி, அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறாரா. "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் வணக்கம் சொன்னால் அவர் இரண்டாவது பத்திக்கு வரமாட்டார்.

இனி உங்கள் எஸ்.ஓ.பி. மூன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அங்கே பொதுவாக இரண்டு பக்கம்தான் கேட்பார்கள். முதல் வரி: "சிறு வயதிலிருந்தே மனித மனம் என்னை ஈர்த்து வந்திருக்கிறது." இதை எடுத்துவிடுங்கள். மனித மனம் ஈர்க்காதவர் யாரும் இந்தப் படிப்புக்கு மனுப்போட மாட்டார். இரண்டாம் பத்தியில் ஃபிராய்ட் வருகிறார். அவரையும் அனுப்பிவிடுங்கள். அடுத்து உங்கள் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டில் கிடைத்த நாக் (NAAC) கிரேடு, நீங்கள் வாங்கிய கோலப்போட்டிப் பரிசு. சரி, இதெல்லாம் நாம் எல்லாரும் செய்வதுதான்.

மூன்றாம் பக்கத்தில் கீழே, ஏதோ வேண்டாவெறுப்பாக, உங்கள் எம்.எஸ்ஸி. புராஜெக்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை நான் இரண்டு முறை படித்தேன். பட்டாசு ஆலை வெடிவிபத்தில் தப்பியவர்களின் வீடுகளுக்குப் போய்க் கேள்வித்தாள் நிரப்பியிருக்கிறீர்கள். "அந்தச் சம்பவத்தைப் பற்றிய கெட்ட கனவுகள் வருகின்றனவா?" என்ற கேள்விக்கு வரிசையாக எல்லாரும் இல்லை, இல்லை என்றிருக்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும் "கனவு எங்க வருது, கண்ண மூடினாத்தானே" என்றிருக்கிறார். நீங்கள் மறுபடி போய், "ராத்திரி திடுக்குனு எழுந்து உக்காருவீங்களா?" என்று கேட்டதும் பலபேர் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த அளவுகோலின்படி, அதிர்ச்சியின் பாதிப்பு இல்லாதவர்கள் அவர்கள். உள்ளபடி பார்த்தால் ஆறு மாதமாகத் தூங்காதவர்கள்.

அம்மா தாயே, இதுதான் உங்கள் முதல் பத்தி! நோயாளி சொல்கிற சொல்லும் கேள்வித்தாளின் சொல்லும் பொருந்தாதபோது நாம் எதை அளக்கிறோம் என்பது இந்தத் துறையில் பேராசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி. விருதுநகரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து அதை நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். கன்சல்டன்சிக்காரர் எழுதித் தந்தால் அந்தப் பாட்டி காணாமல் போய்விடுவார், கோலப்போட்டி மிஞ்சும்.

இதை இவ்வளவு தீர்மானமாகச் சொல்லக் காரணம், இதே தப்பை நான் செய்தேன். 1999 டிசம்பரில் பதினொரு இடத்துக்குப் போட்டேன். அப்போது எல்லாம் காகிதம். பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகத்தில் மூன்று நாள் காத்திருந்து, மார்க் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் வாங்க வேண்டும். பதினொரு உறை. விண்ணப்பக் கட்டணத்துக்கு டாலர் டிராஃப்ட், அதற்கு வங்கியில் தனியாக ஒரு நாள். பள்ளி ஆசிரியரான அப்பாவின் இரண்டு மாதச் சம்பளம் அதில் போயிற்று. மார்ச் முதல் ஒவ்வொன்றாக மெலிந்த உறைகள் வந்தன. தபால்காரரே கடைசியில் "இன்னொண்ணு வந்திருக்கும்மா" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். பதினொன்றும் இல்லை.

பிறகு சென்னையில் ஒரு மனநல ஆய்வு அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) நோயாளிகளின் குடும்பத்தாரிடம் கேள்வி கேட்டு, பதிலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதில் ஒரு கட்டம்: "முதல் மாற்றத்தை எப்போது கவனித்தீர்கள்? மாதம், வருடம்." யாருமே மாதமும் வருடமும் சொல்ல மாட்டார்கள். "பங்குனி உத்திரத்துக்கு முன்னால." "பெரியவ பொண்ணு சடங்கு முடிஞ்ச வாரம்." ஒருவர், "எம்.ஜி.ஆர். செத்த அன்னைக்கு" என்றார். அது மட்டும் சுலபம், 1987 டிசம்பர் 24. மற்றதற்கெல்லாம் பழைய பஞ்சாங்கங்களை வாங்கி மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு தேதி கண்டுபிடித்தேன். நோய் தொடங்கியதற்கும் முதல் சிகிச்சைக்கும் நடுவே எவ்வளவு காலம் போயிற்று என்பது இந்த நோயில் முக்கியமான ஒரு அளவு. அது முழுக்க முழுக்க ஒரு அம்மாவின் ஞாபகத்தை நம்பி நிற்கிறது என்பதை அந்தப் பஞ்சாங்கங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

2001 டிசம்பரில் மறுபடி விண்ணப்பித்தேன், ஆறே இடம். அந்த ஆகஸ்டில்தான் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்திருந்தார்கள். நாடே ஏன் இவர்களை டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம். நான் ஏர்வாடியைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. பஞ்சாங்கத்தைப் பற்றி எழுதினேன். பிப்ரவரியில் ஒரு பேராசிரியர் போன் செய்தார். இரவு ஒன்பது மணி, திருவான்மியூரில் மாமா வீடு, சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. லேண்ட்லைனுக்குக் கரண்ட் வேண்டாம் என்பதால் தப்பித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே பஞ்சாங்கம் பற்றி. அவர் ஆய்வு செய்து வந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களும் "ஈஸ்டர் முடிந்து" என்றுதான் சொன்னார்களாம். மாணவர்கள் அதைத் தோராயமாக ஏப்ரல் என்று போட்டுவிடுகிறார்களாம். இருட்டில் முக்கால் மணி நேரம் பேசினோம். என் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இனி காரியங்கள். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கொரோனாவுக்குப் பிறகு கேட்பதே இல்லை. நீங்கள் தேர்ந்தெடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் பார்த்துவிட்டு, தேவையென்றால் மட்டும் எழுதுங்கள். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு பெரும்பாலும் வேண்டும். கடைசித் தேதி பல இடங்களில் டிசம்பர் 1-ஐ ஒட்டி இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல். வெளிநாட்டு மாணவர்களுக்கு இப்போது ஜூம்தான். இடம் கிடைத்தால் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. நல்ல பிஎச்.டி. திட்டங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடம் நடத்த உதவுவதற்கும் ஆய்வு வேலைக்கும் மாதாமாதம் உதவித்தொகையும் வரும்.

பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்பார்கள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்." அப்படி வருகிற மூன்று கடிதமும் ஒரே நடையில், சின்சியர், ஒபீடியன்ட், பங்சுவல் என்று இருக்கும். அங்கே கீழ்ப்படிதலை யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் புராஜெக்ட் வழிகாட்டியிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எத்தனை வீடு போனீர்கள், கேள்வியை ஏன் மாற்றினீர்கள், அவரோடு எதில் முரண்பட்டீர்கள். அதைப் பார்த்து அவர் சொந்தமாக எழுதட்டும். அப்புறம், கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வரும். ஆமாம் என்று டிக் செய்யுங்கள். இல்லையென்றால் கடிதத்துக்கு மதிப்புக் குறைந்துவிடும்.

வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டீர்கள். இந்த வருடமே என்றால் குறைவு. ஒன்றிரண்டு வருடம் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்துவிட்டுப் போட்டால் கூடும். அமெரிக்கப் பிள்ளைகளே பட்டப்படிப்பு முடித்து இரண்டு வருடம் ஒரு லேபில் வேலை பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இருக்கிறது, 1993-இலிருந்து பான்யன் என்ற இன்னொன்று இருக்கிறது, பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. ஆய்வுத் திட்டங்களுக்கு ஆள் எடுக்கும்போது அறிவிப்பு வரும். ஒன்றரை லட்சத்தை வைத்துக்கொண்டு சென்னையில் ஹாஸ்டலில் தங்குங்கள்.

*

கேள்வி: என் மகளுக்கு அமெரிக்காவில் சை.டி. (டாக்டர் ஆஃப் சைக்காலஜி) படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை இல்லை, முழுக் கட்டணமும் நாமே கட்ட வேண்டும். இது பிஎச்.டி.க்குச் சமம்தானா? தஞ்சாவூர் ரோட்டில் ஒரு மனை இருக்கிறது, விற்கலாமா என்று யோசிக்கிறேன். – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

சார், சமம்தான். கதை இப்படி. 1949-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடிய மாநாட்டில், மருத்துவ உளவியலாளர் என்பவர் பாதி ஆய்வாளராகவும் பாதி சிகிச்சையாளராகவும் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பிஎச்.டி. அந்த வழி. எல்லாருக்கும் ஆய்வு எதற்கு, சிகிச்சையில் தேர்ந்தவர்கள் வேண்டாமா என்று வேறொரு கட்சி கிளம்பியது. 1968-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் முதல் சை.டி. படிப்பைத் தொடங்கியது, 1973-இல் வேய்ல் மாநாடு அதை ஆமோதித்தது. படித்து முடித்தால் இரண்டு பேருக்கும் ஒரே லைசன்ஸ், ஒரே தேர்வு. உங்கள் மகள் மட்டமான பட்டம் வாங்கப் போவதாக யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

காசுதான் வித்தியாசம். சை.டி. வகுப்புகள் பெரும்பாலும் பெரியவை, செலவு மாணவருடையது. மனையை விற்கிற முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கல்லூரியின் தளத்தில், மாணவர் சேர்க்கை, விளைவுகள், பிற தகவல்கள் என்ற பொருளில் ஒரு பக்கம் இருக்கும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் அதை வெளியிட்டே ஆக வேண்டும். வங்கியில் இருந்தவர் நீங்கள். பேலன்ஸ் ஷீட் போலப் படியுங்கள். முடிக்க எத்தனை வருடம் ஆகிறது, வருடச் செலவு எவ்வளவு, நடுவில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர், முடித்தவர்களில் லைசன்ஸ் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம், எல்லாம் அதில் இருக்கும். முக்கியமாக ஒரு எண்ணைத் தேடுங்கள்: கடைசி வருட இன்டர்ன்ஷிப்பில் அங்கீகாரம் பெற்ற இடம் கிடைத்தவர்கள் எத்தனை பேர். அந்த ஒரு வருடப் பயிற்சி இல்லாமல் பட்டம் இல்லை. யாருக்கு எந்த மருத்துவமனை என்பதைக் கம்ப்யூட்டர்தான் பொருத்திவைக்கிறது, ஜாதகப் பொருத்தம் மாதிரி. அந்தப் பக்கமே கண்ணில் படவில்லை என்றால் அங்கீகாரமே இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அமெரிக்காவில் உளவியலாளர்களுக்கு அதிகமாகப் பயிற்சி தருவது முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள். அங்கே இன்டர்ன்ஷிப் செய்ய அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்தக் கதவு மூடியது. எனக்கு இது நான்காம் வருடம்தான் தெரிய வந்தது. மகளை விட்டு அந்தத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்: கடந்த சில வருடங்களில் வெளிநாட்டு மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் மனை அங்கேயே இருக்கட்டும்.

*

கேள்வி: நான் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற இடத்தில் எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி இரண்டாம் வருடம். பிஎச்.டி. இந்தியாவிலேயே செய்யலாமா, வெளியே போகலாமா? – சென்னை வாசகர்

நீங்கள் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். நோயாளியைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு எம்.ஃபில்.லும் ஆர்.சி.ஐ. பதிவும் வழியாகவே வந்துவிடும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்பதை அந்தத் தகுதியை வைத்துத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் இதற்கு முனைவர் பட்டம்தான் வழி என்பதால் அங்கே எல்லாரும் அதை நோக்கி ஓடுகிறார்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆய்வு செய்ய, பாடம் நடத்த ஆசை இருந்தால் மட்டும் பிஎச்.டி.

இங்கே செய்வதானால் யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. 2024 முதல் நெட் தகுதித் தேர்வு மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், பிறகு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். 42,000. சென்னை வாடகைக்கு அது போதுமா என்பது வேறு விஷயம். இங்கேயும் நான் விருதுநகர்ப் பெண்ணுக்குச் சொன்னதுதான்: வழிகாட்டி யார் என்று பாருங்கள். அவரிடம் ஏற்கெனவே படிக்கிற மாணவரைத் தனியே டீ குடிக்க அழைத்துப் போய், திருத்தக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று கேளுங்கள். ஒரு வாரம் என்றால் சேருங்கள். சிரித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வெளியே போய்ப் படித்துத் திரும்பி வர நினைத்தால், அந்தப் பட்டத்தை வைத்து இங்கே ஆர்.சி.ஐ. பதிவு தானாக வந்துவிடாது. உங்களிடம் ஏற்கெனவே பதிவு இருக்கும் என்பதால் தப்பித்தீர்கள். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

உங்கள் ஜூனியர்களுக்கு ஒரு சொல். எம்.ஃபில். பட்டத்தையே யு.ஜி.சி. நிறுத்திவிட்டது, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை விதிவிலக்குத் தந்தது. அதன் இடத்தில் ஆர்.சி.ஐ. புதுப் படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. எந்தக் கல்லூரி எதைச் சொல்லிக் கட்டணம் வாங்கினாலும் ஆர்.சி.ஐ. தளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரும் படிப்பின் பெயரும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள்.

*

கேள்வி: எனக்குப் பத்தொன்பது வயதில் கடுமையான மனச்சோர்வு வந்து ஒரு வருடம் சிகிச்சையில் இருந்தேன். அதுதான் என்னை இந்தத் துறைக்கு இழுத்தது. பிஎச்.டி. விண்ணப்பக் கட்டுரையில் இதை எழுதலாமா? மறைத்தால் பொய் சொன்னது போல இருக்கிறது. – பெயர், ஊர் வேண்டாம்

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

என் முதல் விண்ணப்பத்தில் நான் சித்தியைப் பற்றி எழுதினேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்த சித்தி. மனநோய் தீரும் என்று நம்பி குணசீலம் கோயிலுக்கு அவரை அழைத்துப் போய் 48 நாள் வைத்திருந்தது, திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவர் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டது. ஒரு பக்கம் முழுக்க. எழுதும்போது அழுதேன், படித்த தோழியும் அழுதாள். தேர்வுக்குழு அழவில்லை. நான் என்ன ஆய்வு செய்யப்போகிறேன் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

2006-இல் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி என்ற இருவர் அமெரிக்க உளவியல் துறைகளின் சேர்க்கைக்குழுத் தலைவர்களிடம், ஒரு நல்ல விண்ணப்பத்தையும் கவிழ்த்துவிடுவது எது என்று கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். "மரண முத்தங்கள்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பாதகமான சொந்தக் கதை, குறிப்பாக விண்ணப்பிப்பவரின் மனநலக் கதை, அந்தப் பட்டியலில் இருந்தது. உளவியலாளர்களே இப்படியா என்று கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. இன்றைக்கு அந்தத் துறைக்குள்ளேயே பலர் இதை எதிர்த்துப் பேசுகிறார்கள். ஆனாலும் உங்கள் கட்டுரையைப் படிக்கப்போகிறவர் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் சந்தேகப்பட்டால் திருப்பிக் கேட்கவும் மாட்டார், அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார்.

டி.பி.டி. என்ற பேச்சுவழிச் சிகிச்சை முறையை உருவாக்கிய மார்ஷா லினஹன், பதினேழு வயதில் தான் மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011-இல்தான் பொதுவில் சொன்னார், அதே மருத்துவமனை வளாகத்தில் நின்று. அப்போது அவர் உலகம் அறிந்த பேராசிரியர். தன் கதையை எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவரே முடிவு செய்தார். நீங்களும் அப்படி முடிவு செய்யலாம். சொல்லாமல் வைத்திருப்பது பொய் ஆகாது. மாமியார் வீட்டில் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டுகிறோமா என்ன?

கட்டுரையில் அந்த ஒரு வருடம் உங்களுக்குள் எழுப்பிய கேள்வியை எழுதுங்கள். உதாரணமாக, மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் முன்னால் உள்ள வாரங்களில் நோயாளி எதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார் என்ற கேள்வி. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியலில் ஒரு வருடம் விடுபட்டிருந்தால், "உடல்நலக் காரணம், சரியாகிவிட்டது" என்று பரிந்துரைக் கடிதம் எழுதுகிற ஆசிரியரை ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், போதும்.

படிப்பு தொடங்கிய பிறகு உங்களுக்கென்று ஒரு சிகிச்சையாளரை வைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் பலபேர் வைத்திருந்தோம், நான் உட்பட.

*

கேள்வி: 34 வயது, பெங்களூரில் சாஃப்ட்வேர். பி.இ. படித்தவன். அமெரிக்காவில் கிளினிக்கல் பிஎச்.டி. செய்ய முடியுமா, வயசாகிவிட்டதா? – ஓசூர் வாசகர்

வயது பிரச்சினையே இல்லை. என் லேபில் எனக்கு மூத்தவர் ஒருவர் பேரன் எடுத்த பிறகு சேர்ந்தவர். முதுகலை கட்டாயம் என்று பல இடங்களில் கிடையாது, ஆனால் உளவியல் அடிப்படைப் பாடங்களும் புள்ளியியலும் ஆய்வு அனுபவமும் கேட்பார்கள். உங்களிடம் புரோகிராமிங் இருக்கிறது. செல்போன் வழியாக ஒரு ஆளின் தூக்கத்தையும் நடமாட்டத்தையும் அளந்து மனநிலையைப் படிக்கிற ஆய்வுகள் நிறைய நடக்கின்றன, அவர்களுக்கு உங்களைப் போல ஆள் வேண்டும். பெங்களூரிலேயே ஒரு ஆய்வாளருக்குச் சனிக்கிழமைகளில் சும்மா டேட்டா வேலை செய்து கொடுங்கள். ஆறு மாதம் கழித்தும் சனிக்கிழமைக்குக் காத்திருந்தீர்கள் என்றால் மறுபடி எழுதுங்கள். மனைவியிடம் உதவித்தொகை எவ்வளவு வரும் என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

*

கேள்வி: சைக்யாட்ரிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இரண்டும் ஒன்றுதானே? இரண்டு பேரும் டாக்டர் என்றுதானே போட்டுக்கொள்கிறார்கள்? – பாளையங்கோட்டை வாசகி

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி. படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர்களான நாங்கள் உளவியல் படித்து வந்தவர்கள். சோதனைகள் செய்வோம், பேச்சுவழிச் சிகிச்சை தருவோம். இந்தியாவில் நாங்கள் மருந்து எழுத முடியாது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ 2002-லும் லூசியானா 2004-லும் தனிப்பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் எழுதலாம் என்று சட்டம் கொண்டுவந்தன, அப்புறம் இன்னும் சில மாநிலங்கள். உங்கள் ஊரில்தான் என் பெரியம்மா இருக்கிறார். இருபது வருடமாக விளக்கியும், போன வாரம் போன் செய்து சுகர் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வேறு சொல்லு என்றார்.

*

விருதுநகர் ம.க.வுக்கு மட்டும்: பாட்டியை முதல் பத்திக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கத்துக்குள் சுருக்கி, அக்டோபர் 10-க்குள் மறுபடி அனுப்புங்கள். நவம்பரில் எங்கள் வீட்டில் கல்யாணம், என்னால் எதையும் படிக்க முடியாது.